டிராக்குக்காக வண்டியில் எதைக் கழற்றினீர்கள், எதை விட்டுவைத்தீர்கள்?

சாலையில் ஓடிக்கொண்டிருந்த என் பைக்கை, ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் முழுநேர டிராக் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் தாங்கி, பின்சீட் ஃபுட்ரெஸ்ட், பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கிராப் ரெயில் எல்லாம் கழற்றியாகிவிட்டது. மொத்தத்தையும் ஒரு சாக்கில் போட்டுத் தூக்கினால் நல்ல கனம். இனி எதில் கை வைக்கலாம், எதைத் தொடக் கூடாது? செய்து பார்த்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

* * *

தம்பி, எடை குறைவது லாபம்தான். ஆனால் எடை மட்டும்தான் கணக்கு என்றால், டேங்கில் 7 லிட்டர் பெட்ரோலைக் குறைத்து ஊற்றினாலே 5 கிலோ குறைந்துவிடும். அதற்கு ஸ்பேனரே வேண்டாம். டிராக்கில் பாகங்களைக் கழற்றச் சொல்வதற்கு முதல் காரணம் வேறு. டிராக்கில் வண்டி விழும். விழுந்தால் எது உடைந்து சிதறும், எது தரையில் குத்தி வண்டியைப் புரட்டிப் போடும், எது ஒழுகும் என்று ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துக் கேளுங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு வளைவில் எனக்கு முன்னால் போன வண்டி சறுக்கியது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து நடந்தே ஓரத்துக்குப் போய்விட்டார். வண்டியில் கண்ணாடியும் இண்டிகேட்டரும் அப்படியே இருந்தன. தெறித்த துண்டுகள் எல்லோரும் வண்டியைச் சாய்த்துப் போகும் அதே லைனில் பரவிக் கிடந்தன. சிவப்புக் கொடி காட்டி எல்லோரையும் உள்ளே அழைத்து, டிராக் பணியாளர்களான மார்ஷல்கள் துடைப்பத்தோடு இறங்கிப் பெருக்கி முடிக்கும்வரை யாரும் ஓட்டவில்லை. கண்ணாடிச் சில்லு டயரில் ஏறினால் அடுத்து விழப்போவது பின்னால் வருபவர். அவருக்காகத்தான் முதலில் கழற்றுகிறோம்.

சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம்.மின் சூப்பர்பைக் பந்தய விதிகளைப் பாருங்கள். ஹெட்லைட், டெயில் லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன், நம்பர் பிளேட் தாங்கி, டூல் பாக்ஸ், ஹெல்மெட் கொக்கி, பின்சீட் ஃபுட்ரெஸ்ட், கிராப் ரெயில், இரண்டு ஸ்டாண்டுகள் எல்லாம் கழற்றியே ஆக வேண்டியவை. அதே விதிகள் வண்டி 168 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கின்றன. எடைக்குக் கீழ்வரம்பு வைத்துவிட்டு இத்தனையையும் கழற்றச் சொல்கிறார்கள் என்றால், அவர்கள் மனதில் இருப்பது என்ன என்று புரியும்.

சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நன்றாகச் சாய்க்கும்போது பல வண்டிகளில் அதுதான் முதலில் தரையை உரசும். அதற்கு மேலும் சாய்த்தால் வண்டியின் பாரம் ஸ்டாண்டின் மேல் ஏறி, பின் டயர் பிடியை விட்டுவிடும்.

ஹெட்லைட்டைக் கழற்ற முடியாதவர்கள் டேப் ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு முன் பல்பின் கனெக்டரையோ ஃபியூஸையோ எடுத்துவிடுங்கள். லைட் எரிந்துகொண்டே இருந்தால் அந்தச் சூட்டில் பசை இளகி, கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும்.

* * *

வயரிங் பக்கம் நான் சொல்கிறேன், தினமும் அதில்தான் கை வைக்கிறேன்.

சைடு ஸ்டாண்டைக் கழற்றிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. நியூட்ரலில் அழகாக ஓடும், கிளட்ச் பிடித்து கியர் போட்டதும் நின்றுவிடும். பம்ப், பிளக், காயில் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். கோளாறு ஸ்டாண்ட் சுவிட்சில் இருந்தது. ஸ்டாண்டோடு சேர்த்து அதையும் எடுத்துவிட்டார்கள். ஸ்டாண்டு இன்னும் கீழே இறங்கித்தான் இருக்கிறது என்று நினைத்து வண்டி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது. நிறைய வண்டிகளில் ஸ்டாண்டு மேலே போனதும் சுவிட்சின் இரண்டு வயருக்கும் தொடர்பு வரும். அந்த வகையாக இருந்தால் இரண்டையும் இணைத்து, சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடிவிட்டால் போதும். காந்தத்தால் வேலை செய்யும் ஹால் சென்சார் இருந்தால் வெறுமனே இணைப்பது பலிக்காது. சர்வீஸ் மேனுவலில் சர்க்யூட் படத்தைப் பார்த்து, மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்த பிறகு வயரை வெட்டுங்கள்.

வண்டி கீழே விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் ஒன்று இருக்கும், சில வண்டிகளில் முன் ஃபேரிங்கின் (வண்டியை மூடியிருக்கும் வெளி உறை) தாங்கியிலேயே மாட்டியிருக்கும். தாங்கியைத் தூக்கும்போது அதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இடம் மாற்றினால் பழைய திசையிலேயே, ரப்பர் இருந்தால் அந்த ரப்பரோடு சேர்த்து மாட்டுங்கள். தரையில் கிடக்கும் வண்டியின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால், தூக்க வரும் மார்ஷலின் விரலுக்கு ஆபத்து.

இன்னொன்று. ஹெட்லைட் போனால் சார்ஜிங்குக்கு நிம்மதி என்று பலரும் நினைக்கிறார்கள். நிறைய வண்டிகளில் இருக்கும் ஷன்ட் வகை ரெகுலேட்டரில் கதை தலைகீழ். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டர் தன்பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், செலவாகாத மிச்சத்தைத் திருப்பிவிடும் வேலை ரெகுலேட்டருடையது. செலவு குறைந்தால் அது இன்னும் சூடாகும். அதன் மேல் காற்று படும்படி விடுங்கள், புது ஃபேரிங்குக்குள் போட்டு அடைக்காதீர்கள்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸின் சென்சாரை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோல் இரண்டு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. ஒரு பக்கத்துச் சென்சார் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

* * *

டிராக் நாட்களில் வண்டிகளைப் பரிசோதித்து உள்ளே அனுப்பும் வேலை செய்கிறேன். கழற்றிவிட்டு வருபவர்கள் நிறைய, கழற்றியதற்கு ஈடாகச் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து வருபவர்கள் குறைவு. எனக்கு அதுதான் கவலை.

வண்டி வந்ததும் நான் கீழே குனிந்து, எஞ்சின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத்தான் முதலில் பார்ப்பேன். அது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, அதன் தலையில் துளை போட்டு, 0.8 மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பியை இரட்டையாக முறுக்கி, பக்கத்தில் அசையாத ஓரிடத்தில் கட்டியிருக்க வேண்டும். கம்பி போல்ட்டை இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும். நேர்த்தியாக முறுக்கி, தளரும் பக்கம் இழுக்கும்படி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அப்படிக் கட்டினால் கட்டியே பயனில்லை. விரலால் கம்பியை அழுத்திப் பாருங்கள், தொளதொளவென்று ஆடக் கூடாது. ஆயில் ஃபில்டரில் துளை போட முடியாது, அதைச் சுற்றி ஹோஸ் கிளாம்ப் போட்டு அந்தக் கிளாம்பைக் கட்டுங்கள். ஆயில் ஊற்றும் மூடியும் பிரேக் காலிப்பர் போல்ட்டும் இதே மாதிரிதான்.

எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்டை வடித்துவிட்டுக் காய்ச்சி வடித்த நீரும் துருப்பிடிக்காமல் காக்கும் சேர்க்கையும் ஊற்றுங்கள். கூலன்டில் இருக்கும் கிளைகால் என்ற திரவம் தார்மேல் சிந்தினால் வழுக்கும், தண்ணீர் போல வெயிலில் காய்ந்தும் போகாது. உறைபனி விழும் இடமென்றால் வண்டியை நிறுத்தி வைக்கும் காலத்துக்கு மறுபடி கூலன்டுக்கு மாறிவிடுங்கள்.

எஞ்சினுக்கு அடியில் வரும் ஃபேரிங், ஆயிலும் கூலன்டும் சேர்ந்த அளவில் பாதியையாவது ஒழுகாமல் தாங்க வேண்டும் என்பது சூப்பர்பைக் விதி. அதில் 25 மில்லிமீட்டர் துளை இருக்கும், மழையில் மட்டும் திறக்க வேண்டும். கீழ்ச் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டில் (பற்சக்கரம்) ஏறும் இடத்துக்கு ஒரு தடுப்பு வையுங்கள். பிரேக், கிளட்ச் லீவர் நுனியில் குறைந்தது 16 மில்லிமீட்டர் உருண்டை இருக்க வேண்டும். நுனி உடைந்த லீவரோடு யாரையும் உள்ளே விடமாட்டேன், எவ்வளவு கெஞ்சினாலும்.

* * *

முன் மட்கார்டைக் கழற்றலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: வேண்டாம். டயர் வாரியிறைக்கும் கல்லும் ரப்பர் துணுக்கும் நேரே ரேடியேட்டரில் அடிக்கும், ஃபோர்க் குழாயிலும் படும். பின் ஷாக்கை மறைத்திருக்கும் சின்ன மட்கார்டையும் விட்டுவையுங்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர்பாக்ஸ் பக்கமே போகாதீர்கள். பார்க்க வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான், ஆனால் அதன் கொள்ளளவை வைத்துத்தான் எஞ்சின் மூச்சு விடுகிறது. அதை எடுத்துவிட்டு ஓட்டிய வண்டியில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சத்தம் கூடியது, வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை குறைந்தது.

* * *

எல்லோருக்கும் நன்றி அண்ணா. ஸ்டாண்ட் சுவிட்சை இன்னும் தொடவில்லை, மேனுவலைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன். கண்ணாடி மாட்டிய அதே போல்ட்டுதான் ஃபேரிங்கையும் பிடிக்கிறது. கண்ணாடி போன பிறகு ஃபேரிங் ஆடுகிறது. இதற்கு என்ன செய்வது?

* * *

கண்ணாடியின் அடித்தகடு எவ்வளவு தடிமன் இருந்ததோ அதே தடிமனில் அலுமினிய ஸ்பேசர் போடுங்கள், அல்லது அந்த அளவுக்குக் குட்டையான போல்ட் வாங்குங்கள். ஹாரன், கிராப் ரெயில் கழற்றிய இடங்களையும் ஒருமுறை பாருங்கள். பழைய நீளத்திலேயே திரும்ப முடுக்கினால் போல்ட் உள்ளே போய் அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுகியது போலத் தெரியும், பாகம் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.