கல்லமேட்டு எலும்புகள் இப்போது இல்லை. பிருகத்காயோசாரஸ் என்ற பெயர் மட்டும் செல்லுமா?

கேள்வி
அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து, 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்ட பிருகத்காயோசாரஸ் மாட்லேயி என்ற டைனோசர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் எலும்புகள் எல்லாம் பொடிந்துபோயின என்கிறார்கள். மூலமாதிரி, அதாவது பெயர் வைக்க ஆதாரமான அசல் எலும்பு, அழிந்தால் பெயரும் போய்விடுமா? நாளை அதே இடத்தில் வேறு எலும்பு கிடைத்தால் என்ன பெயர் வைப்பது?

மறுமொழி 1
பெயர் போகாது. விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, முறையாக வெளியான பெயர் மாதிரி அழிந்தாலும் ஏட்டில் இருக்கும். வேறொரு விலங்குக்கு அதே பேரினப் பெயரை இனி யாரும் வைக்க முடியாது. இந்த விதி ரொம்பக் கறார்: ஜிம்பாப்வேயில் கிடைத்த டைனோசர் ஒன்றுக்கு வைத்த சின்டார்சஸ் என்ற பெயர் ஏற்கெனவே ஒரு வண்டுக்கு இருந்ததால், 2001இல் டைனோசருக்குத்தான் மெகாப்னோசாரஸ் என்று மாற்றுப்பெயர் வந்தது.

ஆனால் பெயர் இருப்பது வேறு, பயன்படுவது வேறு. மூலமாதிரியோடு ஒப்பிட்டு 'இது அதுதான்' என்று சொல்ல முடியாவிட்டால் அதை ஐயப்பெயர் என்று ஒதுக்கிவிடுவார்கள். பிருகத்காயோசாரஸின் நிலை அதுதான். 1987 கட்டுரை அதை ஊனுண்ணியாக வகைப்படுத்தியது. நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்ற கருத்து பின்னால் வந்தது. எலும்பு கையில் இருந்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும் விஷயம்.

இன்று பெயரிடுபவர்களுக்கு விதி இன்னும் இறுகியிருக்கிறது. 1999க்குப் பிறகு வரும் புதிய சிற்றினத்துக்கு மூலமாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். 2011க்குப் பிறகு இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையை சூபேங்க் என்ற விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேட்டில் பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். அதை விட்டால், எவ்வளவு நல்ல ஆய்வானாலும் பெயர் கணக்கில் சேராது.

மறுமொழி 2
புதிய எலும்பு பற்றிய கேள்விக்கு: அழிந்த மூலமாதிரிக்குப் பதிலாக மாற்று மாதிரி நியமிக்க வழி உண்டு. ஆனால் பெயர்க்குழப்பத்தைத் தீர்க்க அது உண்மையிலேயே தேவை என்று காட்ட வேண்டும். முடிந்தவரை அதே இடம், அதே பாறை அடுக்கிலிருந்து வந்திருக்க வேண்டும். பழைய விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் உடைமையாகவும் இருக்க வேண்டும். பெரிய எலும்பு என்பது மட்டும் காரணமாகாது.

அவசரப்படவும் கூடாது. ஜபல்பூரில் கிடைத்து 1877இல் லைடெக்கர் பெயரிட்ட டைட்டனோசாரஸ் இண்டிகஸின் வால் முள்ளெலும்பு தொலைந்ததாகவே நெடுங்காலம் நினைத்தார்கள். 2012இல் கொல்கத்தாவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே அது அகப்பட்டது. மூலமாதிரி திரும்பக் கிடைத்தால் மாற்று மாதிரி தானாக விலகிவிடும். அப்படிக் கிடைத்தும் அந்தப் பெயர் உயிர்பெறவில்லை என்பதையும் கவனியுங்கள்: 1877இல் தனித்துவம் என்று எழுதிய அடையாளங்கள் பிறகு அந்தக் குடும்பம் முழுவதிலும் காணப்பட்டன.

கேட்டவர்
2022இல் கல்லமேட்டுப் பழைய புகைப்படங்கள் வெளிவந்தனவே, அவை போதாதா?

மறுமொழி 1
அவ்வளவு பெரிய எலும்புகள் இருந்தன என்பதற்கு நல்ல சான்று. ஆனால் விதிப்படி படம் மாதிரி ஆகாது. படத்தில் இருக்கும் எலும்புதான் மாதிரி.

மறுமொழி 3
எலும்பு ஏன் பொடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லமேட்டு எலும்புகள், எடுத்துச்செல்லச் சுற்றிக் கட்டிய பொதிக்குள்ளேயே சிதையத் தொடங்கின என்று பதிவு இருக்கிறது. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நடுவில் அகப்பட்ட எலும்பு துண்டுதுண்டாகும்.

இனி எலும்பு கிடைத்தால், முதலில் அதை நிழலில் உலரவிடுங்கள். ஈரத்தில் பூசினால் பாரலாய்டு (எலும்பை இறுக்கும் பிசின்) வெள்ளையாகப் படிந்து உள்ளே இறங்காது. அசிட்டோனில் சுமார் 5 சதவீதக் கரைசலைப் பலமுறை பூசுங்கள். எடுத்ததுமே கெட்டிக் கரைசல் வேண்டாம், மேலே ஓடு கட்டும், உள்ளே மாவாகவே இருக்கும். பிறகு சுற்றிலும் தோண்டி, அடியைக் குடைந்து, காளான் போல நிறுத்துங்கள். ஈரமான மெல்லிய தாள் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணிப் பட்டைகள். தாளை மறந்தால் பிளாஸ்டரோடு எலும்பின் மேற்பரப்பும் உரிந்து வரும், அடையாளங்கள் அத்தோடு போச்சு. 2 மீட்டர் எலும்புக்கு நீளவாக்கில் மரச்சட்டம் வைத்துக் கட்டாமல் புரட்டவே கூடாது.

பொதியின்மேல் எண், வட திசை, மேல்பக்கம் எது என்று எழுதுங்கள். மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் போட்டுவைக்காதீர்கள். உள்ளே நின்ற ஈரம் மிச்ச வேலையை முடித்துவிடும்.