பார்ப்பவர் இடம் மாறினால் காட்சியும் மாறும்: நீங்கள் நேரில் கண்டது?

நீலவான்
வானவில் எல்லாரும் பார்த்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மழை விட்டிருந்தது, முதுகுப்பக்கம் வெயில். வில்லின் ஒரு கால் எதிரே இருந்த மரத்தின் உச்சியில் இறங்கியிருந்தது. நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கு இடப்புறம் கொஞ்சம் தள்ளி நின்றவர், "மரத்துல எங்க? அதுக்கு இடப்பக்கம் வெட்டவெளியில்ல நிக்குது" என்றார். அவர் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. நான் நகர நகர வில்லும் கூடவே நகர்ந்தது. என் கண்ணுக்குச் சிவப்பு அனுப்பிய துளி வேறு, அவர் கண்ணுக்கு அனுப்பியது வேறு. அப்படியென்றால் மரத்தின் மேல் இருந்தது என்ன?

வழிப்போக்கன்
எனக்கு ரயில். நின்றுகொண்டிருந்த வண்டி கிளம்பிவிட்டது என்றே உடம்பு நம்பியது, வயிறு ஒருமுறை பின்னால் இழுத்தது. பக்கத்துத் தண்டவாள ரயிலின் கடைசிப் பெட்டி விலகி நடைமேடைத் தூண் தெரிந்த நொடியில் எல்லாம் சட்டென்று நின்றது. நகரவே இல்லாத வண்டி எப்படி நின்றது! படகில் போகிறவனுக்குக் கரை பின்னோக்கி ஓடுவதுபோலத்தான் விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்று ஏறத்தாழ 1500 ஆண்டுக்கு முன்பே ஆரியபட்டர் எழுதினார். நீலவானின் வில்லையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாமே மாயை என்றுதானே ஆகிறது?

துகள்
ஆகாது. வழிப்போக்கன், எல்லாரும் அவசரப்பட்டுப் போய் நிற்கும் இடம் இதுதான்.

கல்லூரி ஆய்வகத்தில், மியூவான் என்ற நுண்துகளின் ஆயுளை அளந்தோம். திரையில் ஒரு துடிப்பு, சற்றுத் தள்ளி இன்னொன்று. துகள் வந்து நின்றது முதல் துடிப்பு, சிதைந்தது அடுத்தது. அந்த இடைவெளியிலிருந்து இன்னும் மீளவில்லை. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனால் அது பிறப்பதோ சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில். அப்படியும் தரைக்கு வந்துவிடுகிறது, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வருவதால். நம் கணக்கில் அதன் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. அதன் கணக்கில் காற்றுமண்டலமே சுருங்கிவிடுகிறது. கணக்குகள் வேறு, தரைக்கு வந்து சேர்ந்தது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. இதை மாயை என்று எப்படிச் சொல்வது?

நீலவான், அடுத்த முறை வில் வந்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் தலையின் நிழலைக் கண்டுபிடியுங்கள், வில்லின் மையம் அந்தத் திசையில்தான். அங்கிருந்து வில் வரை கையை நீட்டிச் சாணால் அளந்தால் ஏறக்குறைய இரண்டு சாண், அதாவது 42 பாகை வரும். நண்பரும் அவர் நிழலிலிருந்து அளக்கட்டும், அதே 42தான். அப்புறம், சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் சமதரையில் நின்று வானில் வில்லைத் தேடாதீர்கள், தெரியாது. காலையும் மாலையும்தான் சரியான நேரம்.

நிலாமுற்றம்
துகள், அளந்துவிட்டால் தீர்ந்தது என்கிறீர்கள். எனக்குத் தீரவில்லை. முழுநிலா உதித்தபோது அவ்வளவு பெரிதாக இருந்தது. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்தேன், பாதி நகமே போதும். நள்ளிரவில் உச்சியில் சிறுத்துப்போன நிலாவுக்கும் அதே பாதி நகம். இரண்டு வேளையும் அரைப் பாகைதான், சரி. ஆனால் அதை அளந்து தெரிந்துகொண்ட பிறகும் அடிவானத்து நிலா பெரிதாகத்தானே தெரிகிறது? இதற்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரே விளக்கம் ஆய்வாளர்களிடமே இல்லை. உங்கள் பாகைக் கணக்கில் இது எங்கே வருகிறது?