பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) மூடி மறுநாள் சுருங்குகிறது, என்ன காரணம்?

கேள்வி: அம்பத்தூர் மோல்டர்
எஸ்டேட்டில் சின்ன இன்ஜெக்‌ஷன் யூனிட் வைத்திருக்கிறேன், ரெண்டு மெஷின். பிபியில் டப்பா மூடி அடிக்கிறோம். சூடு ஆறியதும் வெர்னியர் வைத்தால் விட்டம் 80.1 மி.மீ. மறுநாள் காலையில் அதே மூடி 79.9தான், டப்பாவில் இறுக்குகிறது, ஒரு லாட்டே திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று, மெல்லிய விளிம்பு கண்ணாடி போலத் தெளிவாக இருக்க, கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) பக்கத்துத் தடித்த இடம் மட்டும் பாலாக வெளுத்திருக்கிறது. இதே மெஷினில் பாலிஸ்டைரீன் ஓட்டினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

பதில்: பாலிமர் லேப்
பிபி படிகமாகும் சரக்கு, அதுதான் விஷயம். உருகிய நிலையில் அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் நூல்கண்டு சிக்கிய மாதிரி கிடக்கும். 165 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் உடனே படிகம் வராது, முதலில் கரு, அதாவது படிகம் வளரத் தொடங்கும் புள்ளி, உருவாக வேண்டும், அதற்கு இன்னும் நன்றாக ஆற வேண்டும். கரு கிடைத்ததும் சங்கிலி புடவைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து அடுக்காகிறது. ஓர் அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 10 நானோமீட்டர்தான், சங்கிலியின் நீளமோ அதைப்போல் பல மடங்கு. இந்த மடிப்பை 1957இல் ஆண்ட்ரூ கெல்லர் பாலிஎத்திலீனில் காட்டினார். அடுக்குகள் கருவிலிருந்து நாலா பக்கமும் விரிந்து உருண்டையாகும், அதற்கு ஸ்பெருலைட் என்று பெயர்.

தடித்த இடம் மெதுவாக ஆறுவதால் உருண்டைகள் பெரிதாக வளர்ந்து ஒளியைச் சிதறடிக்கின்றன, அதனால் வெளுப்பு. விளிம்போ சட்டென்று உறைந்துவிடுகிறது. ஆனால் பிபி சங்கிலிகள் அசையாமல் நிற்க ஏறக்குறைய 0 டிகிரிக்கே போக வேண்டும். நம்ம ஊர் 32 டிகிரியில் அவை அலமாரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக படிகமாக அடுக்காகிக்கொண்டே இருக்கும். படிகம் நெருக்கமானது, ஆகவே மூடி சுருங்குகிறது. சாதாரண பாலிஸ்டைரீனில் சங்கிலியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் குழுக்கள் ஒழுங்கில்லாமல் நிற்பதால் அது படிகமாகவே முடியாது.

ஒரு பிபி குருணையை இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே உருக்கி அழுத்தி, 130 டிகிரியில் வைத்து, குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுத் தாள்களோடு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இருட்டில் உருண்டைகள் ஒவ்வொன்றாய் முளைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்புச் சிலுவை தெரியும், ஒன்றையொன்று முட்டும் இடத்தில் எல்லைக்கோடு விழும். அதையே உருகிய சூட்டோடு ஐஸ் தண்ணீரில் போட்டால் தெளிவான படலம்தான் கிடைக்கும்.

பதில்: டூல்ரூம் அண்ணன்
தம்பி, மோல்டைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீரை எத்தனை டிகிரியில் ஓட்டுகிறீர்கள்? 12, 15 என்றால் மோல்டே வியர்க்கும், சென்னைக் காற்றில் அவ்வளவு ஈரம். 40–50 டிகிரிக்குள் கொண்டு போய், கூலிங் டைமைச் சில நொடி கூட்டுங்கள், படிகமாவது பெரும்பாலும் மோல்டுக்குள்ளேயே முடிந்துவிடும். மொத்தச் சுருக்கம் கொஞ்சம் கூடும், ஹோல்டிங் பிரஷரை (மோல்டு நிரம்பிய பிறகும் கொடுக்கும் அழுத்தம்) அதற்கேற்பப் பாருங்கள். வெளுப்புக்கு கிளாரிஃபையர் (தெளிவாக்கும் சேர்மானம்) போட்ட பிபி கிரேடு கேளுங்கள், கருக்கள் ஏராளம், உருண்டைகள் பொடிப்பொடியாக நின்றுவிடும். அப்புறம், 48 மணி நேரம் கழித்து அளந்த பிறகே லாட்டை அனுப்புங்கள்.

பதில்: அம்பத்தூர் மோல்டர்
ரொம்ப நன்றி அண்ணே. சில்லர் 14இல்தான் ஓடுகிறது, மோல்டில் தண்ணீர் துளித்துளியாய் நிற்கும், அதைத் துணியால் துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். நாளைக் காலை ஷிஃப்டில் 45 வைத்து 50 மூடி அடித்து, நம்பர் போட்டு எடுத்து வைக்கிறேன், 48 மணி கழித்து அளவைப் போடுகிறேன்.