அறுத்தது பல்லா, முடிச்சா?

நாணல்:
பைக் என்கிற கூர்ப்பல் நன்னீர் மீனுக்குப் போகிறவர்களுக்கு முன்கதை தேவையில்லை. 80 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் (ஒருவகை பிளாஸ்டிக் நரம்பு) லீடர், அதாவது லூருக்கு முன்னால் கட்டும் தடித்த துண்டு; ஒரு சாண் நீள லூர், அதாவது செயற்கை இரை. மீன் படகை ஒட்டி வந்துவிட்டது, வலையும் கைக்கு வந்துவிட்டது. விலாவில் இருந்த வெளிர்ப் புள்ளிகளை எண்ணியிருக்கலாம், அவ்வளவு பக்கத்தில். தலையை ஒரே ஒரு உதறு. ராடு லேசாகிவிட்டது.

கூட வந்தவர் "கடிச்சிட்டுப் போயிருச்சு" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன், லீடரின் நுனியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு. அது பூசணிக்கொடியின் பற்றுச்சுருள் மாதிரி சுருண்டிருந்தது. பல் அறுத்தால் அப்படியா சுருளும்? நான்கு மாதமாகிறது, அந்தச் சுருள்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

கம்பிக்காரன்:
பைக் விஷயத்தில் 80 ரொம்ப மெலிசு. வயர், அதாவது கம்பி லீடர், இல்லாமல் போகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும்.

என் கதை சின்னது. ஒற்றைக் கம்பி வயர். மூன்றாவது மீன் உருண்டு புரண்டதில் கம்பியில் ஒரு மடிப்பு விழுந்தது. விரலால் நிமிர்த்திவிட்டு மறுபடி வீசினேன். அடுத்த மீன் சரியாக அந்த மடிப்பிலேயே முறித்துக்கொண்டு போனது. "டிக்" என்று ஒரு சத்தம்.

சரி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபுளோரோகார்பன்தான் வேண்டுமென்றால் 100, 130 பவுண்டுக்குப் போங்கள். 100 பவுண்டு நரம்பே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதில் முடிச்சு போட்டு மல்லுக்கட்டாமல் ஸ்லீவ் (சின்ன உலோகக் குழல்) வைத்து நசுக்குங்கள். நரம்பு இரண்டு தடவை நுழைந்தால் இடைவெளியே இருக்கக்கூடாது, அந்த அளவில் ஸ்லீவ் எடுங்கள். ஸ்விவல் (சுழலும் இணைப்பு) வளையத்துக்குள் விட்டுத் திருப்பிக் கொண்டுவந்து நடுப்பகுதியை மட்டும் நசுக்குங்கள். இரண்டு ஓரங்களையும் தொடாதீர்கள், அவை புனல் வாய் மாதிரி விரிந்தே இருக்கட்டும். ஓரத்தை நசுக்கினால் ஸ்லீவே கத்தியாகி நரம்பை அறுக்கும். சாதாரணக் குறடு வேண்டாம், அதற்கென்று இருக்கும் குறடுதான். கடைசியில் வால் நுனியை லைட்டரில் காட்டிக் கொண்டை மாதிரி உருட்டிவிடுங்கள், உருவிக்கொண்டு போகாது. அப்புறம் ஒரு கொக்கியில் மாட்டி, பலமாக இழுத்துப் பாருங்கள். வயர் என்றால் முடிச்சுக்குப் பதில் ஹேவயர் முறுக்கு: வளையத்தில் கோத்துத் திருப்பிய இரண்டு கம்பியும் சமமாகப் பின்ன வேண்டும், ஒன்று நேராக நிற்க மற்றது அதைச் சுற்றக்கூடாது. மிச்ச நுனியைக் குறடால் வெட்டாதீர்கள், கைப்பிடி மாதிரி வளைத்து ஆட்டி ஒடித்துவிடுங்கள். வெட்டினால் நிற்கும் முள் உங்கள் கையைத்தான் கிழிக்கும்.

வாளைப்பித்தன்:
அவர் கேட்டது சுருளைப் பற்றி, நீங்கள் பட்டறையே போட்டுவிட்டீர்கள் அண்ணே. எல்லாப் பல்லுக்கும் வயர் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆற்று வாளையின் பல் கத்தி இல்லை, அரம். பொடிப் பொடிப் பற்கள் பட்டையாக இருக்கும், நரம்பைத் தேய்த்துத் தேய்த்தே கொல்லும். எனக்கு 60 பவுண்டு நைலானே போதும். போதாமல் போனது ஒரே நாள்தான், அதுவும் என் சோம்பேறித்தனம். ஒரு வாளையை விட்டபிறகு லீடரை விரலால் உருவிப் பார்த்தேன். கடைசி இரண்டு அங்குலம் சொரசொரவென்று, வெளுத்துப்போய் இருந்தது. வெட்டிவிட்டு மறுபடி கட்ட ஒரு நிமிடம் ஆகுமா? இருட்டுகிறதே, இன்னும் ஒரே ஒரு வீச்சு என்றேன். அந்த ஒரு வீச்சில்தான் பெரியது வந்தது. அறுந்த நுனி பஞ்சு மாதிரி பிரிந்திருந்தது.

லைட்டர் வேலையும் எனக்குப் பிடிக்காது. சூடு கொஞ்சம் உள்ளே போனாலும் நரம்பு கெட்டுவிடும்.

கம்பிக்காரன்:
நான் சொன்னது ஸ்லீவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் நுனியை, தம்பி. பாரம் தாங்கும் பக்கத்தை யார் சுடுவார்கள்?

கரைநண்டு:
போன பருவத்தில் நான் ஒரு பைக் பிடித்தேன். நீளத்துக்குச் சதையே இல்லை, வயிறு ஒட்டிப்போயிருந்தது. வாயைத் திறந்தால் இன்னொருவருடைய லூர். ஒரு கொக்கி மேல்தாடையிலும் ஒன்று கீழ்த்தாடையிலும் ஏறி, வாயையே தைத்து வைத்திருந்தது. வெட்டும் குறடால் கொக்கிகளைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுக்க முடிந்தது. லூரின் மூக்கில் லீடரே இல்லை, வெறும் வளையம்தான். கடித்து அறுத்திருந்தால் ஒரு துண்டாவது முடிச்சோடு அங்கே தொங்கியிருக்கும்.

நாணல், நுனி சுருண்டிருந்தது என்கிறீர்கள்; முடிச்சு உருவிக்கொண்டால் அப்படித்தான் சுருளும். என்ன முடிச்சு போட்டீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

நாணல்:
கிளிஞ்ச், வளையத்தில் கோத்து நரம்பின்மேலேயே சுற்றிப் போடுகிற முடிச்சு. மெல்லிய நரம்பில் போடுகிற அதே பழக்கத்தில் ஐந்து சுற்று. அந்தத் தடிமனுக்குச் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று படியவே இல்லை, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. எச்சில் தொட்டும் இறுக்கவில்லை. மீன் குதிக்கிற அவசரம்.