வேளச்சேரி ராத்திரி லோ வோல்டேஜ்: புது சப்ஸ்டேஷனா, தெரு டிரான்ஸ்பார்மரா?

ஃபீடர்33: ஏசி எல்லாம் ஓடுற பதினோரு மணிக்கு 180 வோல்ட். டிரான்ஸ்பார்மர் மேல டிரான்ஸ்பார்மரா வெச்சு ஒட்டுப் போட்டது போதும். 33/11 கே.வி. சப்ஸ்டேஷன் (33,000 வோல்ட்டை 11,000 ஆக்கித் தெரு டிரான்ஸ்பார்மர்களுக்கு அனுப்புற துணை மின்நிலையம்) புதுசா வரணும்.

லோடுகணக்கு: தலைவலிக்குத் தலையையே மாத்தணுமா சார்? 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு எல்.டி. பக்கம், அதாவது வீடுகளுக்குப் போற பக்கம், ஃபுல் லோடு 667 ஆம்ப். ராத்திரி டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கிற மீட்டர்) போட்டுப் பாருங்க. மூணு பேஸ்ல ஆர் 720, ஒய் 410, பி 560னு வந்தா, நியூட்ரல் கம்பியிலயே சுமார் 270 ஓடும். ஆர் பேஸ் வீட்டுக்குத்தான் லைட் மங்கும். சமமாக்கினா தலா 563, அதாவது 84 சதவீதம். சிங்கிள் பேஸ் சர்வீஸை பில்லர் பாக்ஸ்ல (வீடுகளுக்கு லைன் பிரியிற தெருப் பெட்டி) மாத்திக் கட்ட ஒரு ஷட்டவுன் போதும். மூணு பேஸ் சர்வீஸ்ல கை வெச்சு வரிசை மாறினா போர் மோட்டார் தலைகீழா சுத்தும், அது தனிக் கதை. நியூட்ரல் கம்பி முனையில இருக்கிற லக்கை முதல்ல இறுக்குங்க. கழண்டா டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் காலி.

ஃபீடர்33: பேலன்ஸிங் சரி. ஆனா 84 சதவீதம் அடுத்த கோடையைத் தாங்காது. மேல பாருங்க: சப்ஸ்டேஷன்ல இருந்து தெரு டிரான்ஸ்பார்மர்களுக்கு வர்ற 11 கே.வி. லைன், அதான் ஃபீடர், ஒண்ணு 300 ஆம்ப், 5.7 எம்.வி.ஏ. ஏற்கெனவே 280ல நின்னா?

லோடுகணக்கு: புது டிரான்ஸ்பார்மர் லோடைப் பிரிக்கும், பெருக்காது.

ஃபீடர்33: ஃபால்ட் வர்ற வரைக்கும்! ஆர்.எம்.யூ. (ஃபீடர்களை வளையமா இணைக்கிற சுவிட்ச் பெட்டி) ரிங்ல ஒரு ஃபீடர் டிரிப்பானா மத்தது 560 சுமக்கணும். ஒவ்வொண்ணும் 150க்குள்ள இருந்தாதான் பேக் ஃபீட், அதாவது மத்த ஃபீடர்ல இருந்து சப்ளை, நடக்கும். 2024 மே 2ல மாநில மின் தேவை உச்சம் 20,830 மெகாவாட். உற்பத்தியில சமாளிச்சாச்சு, சரி, தெரு முனையில?

ஜாயிண்ட்கிட்: ரெண்டு பேருமே கேபிளை மறந்துட்டீங்க. புது ஃபீடர் இழுத்தா ஒரு டிரம் கேபிள் முடியிற இடமெல்லாம் ஜாயிண்ட். செமிகான் (கேபிளோட அரைக்கடத்தி உறை) உரிக்கும்போது கத்தி உள்ளே இருக்கிற எக்ஸ்.எல்.பி.ஈ. இன்சுலேஷன்ல லேசா கீறினாலும் அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. டெஸ்ட்ல கூட பாஸாகலாம். தண்ணி நிக்கிற குழியில ரெண்டு மழைக்காலம் போனதும் அங்கேயே வெடிக்கும். ஒரே குழியில நாலு கேபிளை ஒட்டிப் போட்டா சூடு வெளியேறாது, 300 ஆம்பும் கிடைக்காது. மழை தொடங்கிட்டா ரோட்டை வெட்ட அனுமதியும் கஷ்டம்.

லோடுகணக்கு: அப்போ இருக்கிற சப்ஸ்டேஷன்ல இடம் இருக்கான்னு பாருங்க. 16 எம்.வி.ஏ. பவர் டிரான்ஸ்பார்மர்னா 11 கே.வி. பக்கம் 840 ஆம்ப். லோடு 700ஐத் தாண்டியிருந்தா நானும் உங்க கட்சி.

ஃபீடர்33: ரெண்டு டிரான்ஸ்பார்மர் இருக்கிற இடம்னா 700 வரைக்கும் காத்திருக்க முடியாது சார். ஒண்ணு போனா மத்தது முழுசும் தூக்கணும். அங்க ஒவ்வொண்ணுக்கும் கணக்கு 840ல பாதி, 420.