புதுப்பிப்பு: வாப்பாவுக்கு மதுரை விமானம் கிடைச்சிடுச்சு

துபாயிலிருந்து சென்னையில் இறங்கி மதுரை விமானம் மாற வாப்பாவுக்கு இரண்டரை மணி நேரம் போதுமான்னு கேட்டிருந்தேன். போதுமா இருந்துச்சு. அல்ஹம்துலில்லாஹ், கீழக்கரை வந்து சேர்ந்துட்டாங்க. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இமிக்ரேஷன் வரிசை வேகமாத்தான் நகர்ந்திருக்கு. நேரத்தைத் தின்னது பெட்டிதான். மதுரை வரைக்கும் டேக் போட்டிருந்தாலும், சென்னையிலேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்துச்சு. வயசானவங்க தனியா வந்தா இதை முன்னாடியே சொல்லி அனுப்புங்க.

வளைகுடா போய்வர்ற நம்ம ஊர்க்காரங்க ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன் திட்டத்தில் கண்டிப்பா பதிஞ்சு வைங்க. 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் இருக்கு, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் கிடையாது. கைரேகையும் முகப்பதிவும் கொடுத்துட்டா இ-கேட்ங்கிற தானியங்கிக் கதவு வழியா வந்துடலாம். மதுரை விமானத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்டா எடுங்க.