புதுப்பிப்பு: ஃபெரிட்டின் 25, ஹீமோகுளோபின் குறைவு

முந்தைய இழையில் பாதியில் நின்ற கேள்வி: 3 வயதுக் குழந்தை, 12 கிலோ, ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் (உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்) 25. அப்படியானால் இரும்புச்சத்து போதுமானதுதானே?

இல்லை, அவசரப்பட வேண்டாம். தொற்றோ அழற்சியோ இருந்தால் இரும்புச் சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கும்போதே ஃபெரிட்டின் ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 5 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான குழந்தைக்கு லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. அழற்சி இருந்தால் அந்த எல்லை 30. எனவே சி.ஆர்.பி. (அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம்) தெரியாமல் 25 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. இரண்டையும் ஒரே ரத்த மாதிரியில் பார்க்கச் சொல்லுங்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் இருந்தால், காய்ச்சல் தணிந்து சில வாரங்கள் கழித்து மறுபடி பாருங்கள். சி.ஆர்.பி. சில நாட்களில் இறங்கிவிடும், ஃபெரிட்டின் மெல்லத்தான் இறங்கும்.

அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் வாசலை அது அடைத்துவிடுகிறது. கடும் காய்ச்சலில் கொடுக்கும் இரும்புச் சிரப் பெரும்பாலும் மலத்தோடு போவது இதனால்தான்.

குறைபாடு உறுதியானால் வழக்கமான அளவு கிலோவுக்கு 3 மி.கி., தினம் ஒரு வேளை. இந்தக் குழந்தைக்கு 36 மி.கி. தவறு நடப்பது இங்கேதான்: புட்டியில் உள்ள உப்பின் எடையைப் பார்க்காதீர்கள், 'தனிம இரும்பு' (அந்த உப்பில் உள்ள இரும்பு மட்டும்) எவ்வளவு என்று பாருங்கள், மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பாலோடு கொடுக்க வேண்டாம். 4 வாரத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 1 கிராமாவது ஏறவில்லையென்றால், அளவைக் கூட்டுவதற்கு முன் சி.ஆர்.பி.யை மறுபடி பாருங்கள். புட்டி எப்போதும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.